பேடர்சனின் அப்பா பெயர் பேடர்தானா?

கேள்வி: என் பாட்டியின் தாத்தா டென்மார்க்கிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்து இங்கேயே கல்யாணம் செய்துகொண்ட சாதாரண மாலுமி. வீட்டு பைபிளில் ‘ஹான்ஸ் பேடர்சன், பிறப்பு 1838’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஊர் தெரியாது. அவருடைய பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியுமா? தரங்கம்பாடிக்குப் போய்க் கேட்கலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தரங்கம்பாடிக்கு வண்டி ஏற வேண்டாம். டேனிஷ்காரர்கள் 1845-லேயே அந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். அப்போது உங்கள் ஹான்ஸுக்கு ஏழு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ.

முதலில் அவருடைய கல்யாணப் பதிவைத் தேடுங்கள். சென்னை மாகாண சர்ச்சுகளின் திருமணப் பதிவேட்டு நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன; இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அதில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஏனென்றால், பேடர்சன் என்றால் ‘பேடரின் மகன்’. நம் இனிஷியல் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்த பெயர். நிலையான குடும்பப் பெயர் வைக்கவேண்டும் என்று 1828-ல் அரசாணை வந்தது. சில கிராமங்கள் கேட்டன, பல கிராமங்கள் பழைய வழக்கத்திலேயே போயின. அதனால் 1838-ல் பிறந்தவரின் அப்பா பேடராகவும் இருக்கலாம், யென்ஸ் பேடர்சனாகவும் இருக்கலாம். ஊகித்துத் தேடினால் வேறு யாருடைய தாத்தாவையோ வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவீர்கள்.

அப்பா பெயர் கிடைத்ததும் 1845 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போங்கள். ஒவ்வொருவரும் பிறந்த சர்ச் வட்டத்தை முதன்முதலில் குறித்தது அதில்தான். டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகமான ரிக்ஸ்ஆர்கிவெட் இதையும் சர்ச் பதிவேடுகளையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஆறேழு வயது ஹான்ஸ், கல்யாணப் பதிவில் கண்ட பெயருள்ள அப்பா, இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள். வட்டத்தின் பெயரோடு மாவட்டத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல வட்டங்கள் உண்டு. ‘Aa’ (இப்போது ‘Å’) என்ற எழுத்தில் தொடங்கும் ஊர்ப் பெயர்கள் சில பட்டியல்களில் அகரவரிசையின் கடைசியில் வரும்.

பிறகு அந்த வட்டத்தின் 1838 பதிவேடு. 1814-க்குப் பிந்தையவை அச்சிட்ட கட்டங்களில், ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் தனித்தனிப் பக்கங்களோடு இருக்கும். பிறந்த நாள், ஞானஸ்நானம், பெற்றோர், அப்பாவின் தொழில், ஞானப்பெற்றோர் எல்லாம் ஒரே வரிசையில். கையெழுத்துதான் படுத்தும். கோதிக் எழுத்தில் ‘e’ பார்ப்பதற்கு ‘n’ போலவே இரண்டு கோடாக நிற்கும். அதே பாதிரியார் எழுதிய மாதப் பெயர்களை முதலில் படித்துப் பழகுங்கள். உங்களுக்குத் தெரிந்த சொல்லில் அவருடைய ஒவ்வொரு எழுத்தும் எப்படி வளைகிறது என்று பிடிபட்டுவிடும்.

ஹான்ஸ் கிடைத்துவிட்டார் என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்ததற்கும் அதே பெயரை வைப்பது அங்கே சகஜம். இறப்புப் பக்கங்களைப் புரட்டுங்கள். பிறகு 1852, 1853 வாக்கில் திடப்படுத்தல் (பதின்வயதில் சர்ச்சில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பக்கங்களைப் பாருங்கள்: பையனின் பிறந்த தேதி, பெற்றோர், அம்மை குத்திய நாள் வரை இருக்கும். அந்தத் தேதி ஞானஸ்நானப் பதிவோடு ஒத்துப்போனால், பதினாலு வயதுவரை உயிரோடிருந்த ஹான்ஸ் இவர்தான்.