ஜனவரியில் அயோவா வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். ஜனவரி முதல் வாரம் சீடர் ராப்பிட்ஸ் வர்றீங்க, கணவருக்கு இங்க வேலை, உங்களுக்கு எச்4 விசா. குளிருக்கு என்ன வாங்கணும், மளிகை எங்க கிடைக்கும், கார் லைசென்ஸ் எப்ப எடுக்கலாம்னு வரிசையாக் கேட்டுட்டு, கடைசியில ஒரு விஷயம் எழுதியிருக்கீங்க: “இவரோட ஆபீஸ்ல எல்லாரும் அயோவா பொண்ணுங்க பாஸ்கெட்பால் பத்தியே பேசுறாங்களாம். நானும் ஸ்கூல்ல ஆடினவதான். அதை எப்படித் தொடர்ந்து பார்க்குறது? நமக்கெல்லாம் அது சரிப்பட்டு வருமா?”

ஊர்ல கோட்டு வாங்கிப் பெட்டியை நிரப்பாதீங்க, அது இந்தக் குளிருக்குத் தாங்காது. அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் இப்போ இங்கயே கிடைக்குது. லைசென்ஸுக்கு முதல்ல புத்தகத்தைப் படிச்சு எழுத்துப் பரீட்சை. மத்ததை உங்க கணவர் ஆபீஸ்லயே பத்துப் பேர் சொல்லுவாங்க. அந்தக் கடைசிக் கேள்விக்கு, அதாவது அயோவா பல்கலைக்கழகப் பொண்ணுங்க அணியைப் பத்தினதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன். நானும் ஒரு ஜனவரியிலதான் இந்த ஊர்ல வந்து இறங்கினேன்.

அது 2009. முந்தின ஜூன்ல சீடர் ஆறு பெருகி டவுன்டவுன் முழுக்க முங்கியிருந்துச்சு, நாங்க வந்தப்பவும் பல கடை பூட்டியேதான் கிடந்துச்சு. வந்த ரெண்டாவது வாரம் மைனஸ் 20 ஃபாரன்ஹீட்டுக்கும் கீழ போச்சு. எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்த கன்சல்டன்சி முதல் ரெண்டு மாசச் சம்பளத்தை இழுத்தடிச்சுது. வீட்டுல காத்தடிச்ச மெத்தை ஒண்ணு, ரைஸ் குக்கர் ஒண்ணு, அம்மா கட்டிக் கொடுத்த மிளகாய்ப்பொடி. இருந்த ஒரே காரையும் அவர் எடுத்துட்டுப் போயிடுவார். எச்4ல வேலை பார்க்கக் கூடாது அப்போ. 2015ல வந்த அனுமதியும் எல்லாருக்கும் கிடையாது, கணவரோட கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருக்கணும், அதை இப்பவே விசாரிச்சு வைங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருட்டிடும். ஜன்னல்ல நின்னு, பனி தள்ளுற வண்டி எத்தனை தடவை போகுதுன்னு எண்ணிட்டு இருப்பேன். யார்கிட்டயாவது பேசி மூணு நாள் ஆச்சுன்னு ஒரு நாள் திடீர்னு உறைச்சுது. அன்னிக்கு அழுதேன்.

வாடகை செக் கொடுக்க அப்பார்ட்மெண்ட் ஆபீஸுக்குப் போனப்போ, அங்க வேலை பார்த்த அம்மா, அறுபது வயசு இருக்கும், என் முகத்தைப் பார்த்துட்டு எங்க ஊர், என்ன படிச்சேன்னு விசாரிச்சாங்க. பாளையங்கோட்டையில பள்ளிக்கூட அணியில ஆடினேன்னு சொன்னதுதான் தாமதம், டிராயரைத் திறந்து டிக்கெட்டை எடுத்து வச்சுட்டாங்க. “என் வீட்டுக்காரருக்குச் சளி. ஞாயித்துக்கிழமை நீ வா.” அவங்களே காரை எடுத்துட்டு வந்து, அரை மணி நேரம் தெற்கே அயோவா சிட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

கார்வர்-ஹாக்கை அரங்கத்தை வெளியில இருந்து பார்த்தா அவ்வளவு பெருசாத் தெரியாது. பள்ளத்தாக்குல தரையைத் தோண்டிக் கட்டினது. கதவைத் திறந்து உள்ள போனா நீங்க உச்சியில நிப்பீங்க, ஆட்டக்களம் கீழே, ஆழத்துல, விளக்கு வெளிச்சத்துல மஞ்சளா மின்னும். நம்ம ஊர்ப் பெருங்கிணத்துல படி இறங்குற மாதிரி இறங்கணும். பாப்கார்ன் வாசனை, எல்லார் மடியிலயும் மடிச்சு வச்ச கோட்டு, பலகையில ஷூ தேயுற அந்தக் கிரீச் சத்தம். எங்க ஸ்கூல்ல செம்மண் களம், அந்தச் சத்தமே கிடையாது. ஆனா பந்து வலையில விழுற சத்தம் ஒண்ணேதான். எதிரணி பேர்கூட அன்னிக்கு எனக்குப் புரியல. பாதி நாற்காலி காலி. நான் தொண்டை வலிக்கிற வரைக்கும் கத்தினேன்.

அந்த அம்மா மடியில ஒரு நோட்டு. ஆட்டக்காரங்க நம்பர் இடது பக்கம் வரிசையா, ஃபவுலுக்குக் கிடைக்குற ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு சின்ன வட்டம், பந்து வலையில விழுந்தா வட்டத்தை நிரப்பணும், தவறுனா அப்படியே விட்டுடணும். பேனா வேண்டாம், கார்லயே மை உறைஞ்சுடும், பென்சில்தான்னு சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க சின்ன வயசுல ஆடினது வேற பாஸ்கெட்பால். ஒரு அணிக்கு ஆறு பொண்ணுங்க. மூணு பேர் தாக்க, மூணு பேர் தடுக்க, யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, பந்தை ரெண்டு தடவைக்கு மேல தட்டக் கூடாது. 1993 வரைக்கும் இந்த மாநிலத்துப் பள்ளிக்கூடங்கள்ல அந்த ஆட்டம் இருந்துச்சு. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர்ப் பொண்ணுங்க ஆடுறதைப் பார்க்கத் தலைநகர் டெமாயின்ல அரங்கம் நிரம்புமாம். இப்ப அயோவாவுக்குக் கோச்சா இருக்குற ஜேன் ஜென்சன் அந்த ஆட்டத்துல வந்தவங்க, 1987ல பள்ளிக் கடைசி வருஷம் சராசரியா ஒரு ஆட்டத்துக்கு 66 பாயிண்ட் போட்டவங்க. பொண்ணுங்க ஆட்டத்துக்கு இந்த ஊர்ல இவ்வளவு மரியாதை ஏன்னு உங்க கணவர் கேட்டா இதைச் சொல்லுங்க. சமீபத்துல அயோவாவுக்கு ஆடிப் பெரிய நட்சத்திரமான கெயிட்லின் கிளார்க் வந்து உண்டாக்கின மரியாதை இல்ல. 1985 பிப்ரவரியில ஓஹாயோ ஸ்டேட் வந்தப்போ, சுமார் 15,000 பேர் உட்கார்ற இதே அரங்கத்துல 22,157 பேர். எங்க அம்மா (நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அன்னிக்குப் படிக்கட்டுல உட்கார்ந்து பார்த்தாங்களாம்.

இப்ப நீங்க கேட்ட விஷயம். நவம்பர், டிசம்பர்ல நடக்குறது பெரும்பாலும் வெளி அணிகளோட. அதுல 40 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சதைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க. கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள்ள ஆடிக்கிற பல்கலைக்கழகக் கூட்டம், அந்த ஆட்டம் சூடு பிடிக்கிறது நீங்க வர்ற ஜனவரியில. அயோவா இருக்குற கான்ஃபரன்ஸ் பேர் பிக் டென். நான் வந்தப்போ அதுல 11 அணி. 2011ல நெப்ராஸ்கா சேர்ந்துச்சு, 2014ல மேரிலாண்டும் ரட்கர்ஸும், 2024ல மேற்குக் கரையில இருந்து யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஓரிகன், வாஷிங்டன். இப்ப 18. இதுல எனக்குத் தீராத வருத்தம் உண்டு. முன்னெல்லாம் பல அணிகளோட, நம்ம ஊர்ல ஒண்ணு, அவங்க ஊர்ல ஒண்ணுன்னு ரெண்டு ஆட்டம் இருக்கும். ஜனவரியில தோத்தா பிப்ரவரியில கணக்குத் தீர்க்கலாம். எதிரணிப் பொண்ணு இடது கைப்பக்கம் திரும்ப மாட்டான்னு நமக்கே மனப்பாடம் ஆயிடும். இப்ப ஒரே ஒரு அணியோடதான் ரெண்டு தடவை, மீதி எல்லாரோடவும் ஒண்ணே ஒண்ணு. போதாததுக்கு மேற்குக் கரை ஆட்டம் சிலது நமக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு.

டிவிக்கு ஒரு எச்சரிக்கை. ஆட்டம் ஒரே சேனல்ல வராது. பிக் டென் நெட்வொர்க்ல சிலது, ஃபாக்ஸ்ல சிலது, பீகாக்ல சிலது. எல்லாத்துக்கும் வருஷ சந்தா கட்டிடாதீங்க. அட்டவணையைப் பார்த்து மாசக் கணக்குல கட்டுங்க, மார்ச் முடிஞ்சதும் நிறுத்துங்க. ரேடியோ இலவசம். சமைச்சுக்கிட்டே ரேடியோவுல கேட்டுத்தான் எனக்கு இவங்க இங்கிலீஷ் காதுல பதிஞ்சது.

டிக்கெட்டுக்கு இன்னொண்ணு. பெரிய ஆட்டத்துக்கு மறுவிற்பனையில நூத்துக்கணக்குல கொடுத்து வாங்காதீங்க. 2024 மார்ச்ல கெயிட்லின் கிளார்க், கல்லூரி ஆட்டத்துல ஆம்பளைங்க சாதனையா இருந்த பீட் மராவிச்சோட 3,667 பாயிண்டைத் தாண்டின ஆட்டத்துக்கு நம்ம ஆளுங்க பல பேர் அப்படித்தான் வாங்கினாங்க. மேல் வரிசையில நின்னு செல்ஃபி எடுத்தாங்க, பாதியிலயே பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து கிளம்பினவங்களையும் பார்த்தேன். அடுத்த வருஷம் அவங்கள்ல ஒருத்தரைக்கூட அங்க காணல. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இந்த ஊர்ல இருபது வருஷம் இருந்துட்டு, சனிக்கிழமையானா நாலு குடும்பம் கூடி, பிரியாணியும் கிரீன் கார்டு தேதியும் ஊர்ல வாங்கின பிளாட் விலையும் பேசிக் கலையுறவங்க உண்டு. நல்லவங்கதான், அவசரம்னா ஓடி வருவாங்க, அவங்களோட பழகுங்க. ஆனா அது மட்டும்தான்னு ஆயிடாதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பேர் தெரியாம இருபது வருஷம் போயிடும்.

நான் சொல்றது, கிளார்க் போன மறு வருஷம் மாதிரியான சீசனைப் பாருங்க. 2024-25. 24 வருஷம் கோச்சா இருந்த லிசா ப்ளூடர் ஓய்வு எடுத்துட்டாங்க, ஜென்சனுக்கு அது முதல் வருஷம். வில்லனோவாவுல இருந்து லூசி ஓல்சன்னு ஒரு பொண்ணு ஒரே ஒரு வருஷம் ஆட வந்திருந்தா. ஊரே இன்னொருத்தியை நினைச்சு ஏங்கிட்டு இருக்குற இடத்துல புதுசா வந்து நிக்கிறது எவ்வளவு கஷ்டம்! அவளைப் பார்க்குறப்பல்லாம் எனக்கு என் முதல் குளிர்காலம்தான் ஞாபகம் வரும். ஜனவரியில வரிசையா அஞ்சு தோல்வி. மேரிலாண்ட், இல்லினாய், இண்டியானா, ஓவர்டைம்ல நெப்ராஸ்கா 87-84, அப்புறம் ஓரிகன்ல ஒரே பாயிண்ட்ல, 50-49. அந்த ராத்திரி நோட்டுல கடைசிக் கட்டத்தை எழுதாமலேயே மூடி வச்சுட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, பிப்ரவரி 2, யுஎஸ்சி வந்துச்சு. நாட்டுல நாலாவது இடம், அந்தக் கான்ஃபரன்ஸ்ல அதுவரைக்கும் யார்கிட்டயும் தோக்கல. அன்னிக்குத்தான் கிளார்க்கோட 22ஆம் நம்பர் ஜெர்சிக்கு ஓய்வு கொடுக்குற விழாவும். எல்லாரும் விழாவுக்குத்தான் வந்திருந்தாங்க, ஜெயிப்போம்னு எனக்குப் பக்கத்துல யாரும் சொல்லல. ஓல்சன் 28 பாயிண்ட் போட்டா. 76-69. கடைசி நிமிஷத்துல எனக்கு முன் வரிசையில ஒரு தாத்தா தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு நின்னார். அந்த அஞ்சு தோல்வியையும் உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத்தான் அந்த 76-69ஓட ருசி தெரியும். யுஎஸ்சி அந்த சீசன்ல கான்ஃபரன்ஸ்ல 17 ஜெயிச்சு முதல் இடம், தோத்தது அந்த ஒண்ணுதான். நாங்க பத்து ஜெயிச்சு எட்டு தோத்தோம். மார்ச்ல இண்டியானாபொலிஸ்ல நடந்த கான்ஃபரன்ஸ் போட்டியில ஓஹாயோ ஸ்டேட்கிட்ட 60-59ன்னு தோத்தோம், மறுபடியும் ஒரு பாயிண்ட்.

சின்னச் சின்ன விஷயம் சில. சிவப்பும் தங்க நிறமும் போட்டுட்டுக் கார்வருக்கு வராதீங்க, அது ஏம்ஸ்ல இருக்குற, நம்ம எதிரணியான அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தோட நிறம். கணவர் ஆபீஸ்ல ரெண்டு பக்கமும் ஆள் இருப்பாங்க, முதல் வாரமே பக்கம் சாய்ஞ்சு பேச வேண்டாம்னு அவர்கிட்டயும் சொல்லிடுங்க. கைப்பைக்குப் பதிலா உள்ள இருக்குறது தெரியுற பிளாஸ்டிக் பை எடுத்துக்குங்க.

ரோட்டை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. சீடர் ராப்பிட்ஸ்ல இருந்து அயோவா சிட்டிக்கு 380 நெடுஞ்சாலை. ரெண்டு பக்கமும் வெறும் வயக்காடு, காத்து பனியை அள்ளிக் குறுக்கே போடும். ரோடு ஈரமா இருக்குற மாதிரிதான் தெரியும், ஆனா அது ஐஸ். 2011ல ஆட்டம் முடிஞ்சு திரும்புறப்போ எங்க கார் ஒரு முழுச் சுத்து சுத்திப் பள்ளத்துல இறங்கிடுச்சு. மூத்தவன் கைக்குழந்தை, பின்சீட்ல. டோ வண்டி வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. வண்டியில கம்பளி இல்ல, என் கோட்டுக்குள்ள அவனை வச்சு மூடிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். டிக்கில கம்பளி ரெண்டு, சின்ன மண்வெட்டி, டார்ச், தண்ணி, சாப்பிட ஏதாவது, இது இல்லாம நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் ஊரைத் தாண்டாதீங்க. புறப்படுறதுக்கு முன்னாடி 511ங்கிற மாநில ரோட்டுத் தகவல் சேவையில நிலவரம் பாருங்க. போக வேண்டாம்னு போட்டிருந்தா, டிக்கெட் போனாப் போகட்டும், வீட்டுல ரேடியோ போடுங்க.

நமக்குச் சரிப்பட்டு வருமான்னு கேட்டீங்க. நம்ம அனிதா பால்துரை இந்திய அணிக்குக் கேப்டனா இருந்தவங்க, 2021ல அவங்களுக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சப்போ படத்தைக் கொண்டு போய் எங்க அம்மாகிட்டக் காட்டினேன். எந்த இடத்துல ஆடுவாங்க, ரீபவுண்ட் எடுப்பாங்களான்னு கேட்டாங்க. வேற எதுவும் கேட்கல.

அவங்களுக்கு இப்ப எழுபத்தாறு வயசு. முட்டி தேய்ஞ்சு போச்சு, அந்தப் படி இறங்க முடியல, முதியோர் இல்லத்துல இருக்காங்க. ஆட்டம் முடிஞ்ச ராத்திரி போன் பண்ணி நோட்டை வாசிச்சுக் காட்டுவேன். ஃப்ரீ த்ரோ தவறுன வட்டத்தை மட்டும் திரும்பக் கேட்பாங்க. அவங்க சீட் என் சீட்டுக்குப் பக்கத்துல, சந்தாவை நான் கட்டி வச்சிருக்கேன். ஊர் வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க. ஆட்டம் இருக்குற முதல் ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு உங்க வாசல்ல கார் நிக்கும். கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டுக்குங்க, பென்சில் நான் கொண்டு வர்றேன்.