கேள்வி-பதில்: ஸ்பீக்கர் சொன்னால் கேட்கும் வீடு

இணையத்தில் இயங்கும் ஸ்பீக்கர், டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக், செல்பேசிச் செயலிக்குக் கட்டுப்படும் விளக்கு என்று ஒவ்வொன்றாக வாங்கிவிட்டு, அவற்றை ஒரு வீடாகச் சேர்க்க முடியாமல் திணறும் வாசகர்களின் கடிதங்களே இம்மாதம் மிகுதியாக வந்திருக்கின்றன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது வாசலிலிருந்து கொல்லை வரை நீளும் பழைய வீடு. கூடத்தில் ஒன்றும் பின்கட்டில் ஒன்றுமாக அமேசானின் சிறு ஸ்பீக்கரான எக்கோ டாட் இரண்டு வைத்திருக்கிறோம். பின்கட்டில் இருப்பது பாதிப் பாட்டில் நின்றுவிடுகிறது. அங்குள்ள ஸ்மார்ட் பல்புகளும் அடிக்கடி இணைப்பை இழக்கின்றன. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) இணைப்பை 300 ஆக உயர்த்தினால் சரியாகிவிடுமா?
— ஆசிரியை, கும்பகோணம்

பதில்: ஆகாது. பாட்டுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. ஸ்பாட்டிஃபையில் உயர்தரமாகக் கேட்கும் பாட்டுக்கு நொடிக்கு 320 கிலோபிட் போதும், அது ஒரு எம்பிபிஎஸ்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் பார்ப்பதற்கே அந்நிறுவனம் 15 எம்பிபிஎஸ்தான் கேட்கிறது. உங்கள் வாசலுக்கு வந்து சேரும் 100 எம்பிபிஎஸ் பின்கட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் சிக்கல்.

பெரும்பாலான வீடுகளில் ஃபைபர் கம்பி எந்தச் சுவரைத் துளைத்து உள்ளே வருகிறதோ அந்தச் சுவரிலேயே ரவுட்டரையும் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுவர்களை மூன்று நான்காகக் கடக்கும்போது அலை நலிந்துவிடும். ரவுட்டர் வெளியிடும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோடை, 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் தொலைவு செல்லும். விலை குறைந்த பல்பு, பிளக் வகைகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறிந்தவை என்பதால், ரவுட்டரில் அந்த அலைவரிசை அணைக்கப்படாமல் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து, செல்பேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குச் சென்று, ஸ்பீக்கர் இருக்கும் அதே அலமாரியில் அதை வைத்து, கதவைச் சாத்திவிட்டு இணைய வேகத்தைச் சோதியுங்கள். கையில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தால் கிடைக்கும் கணக்கு வேறு, அலமாரியில் பித்தளைக் குடத்துக்குப் பின்னால் கிடைக்கும் கணக்கு வேறு. அங்கே வேகம் படுத்துவிட்டால் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றுங்கள். அது இயலாதென்றால் ஒரே வைஃபையை வீடு முழுவதும் பரப்பும், இரண்டு பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபை ஒன்றை வாங்கி, இரண்டாவது பெட்டியை முற்றத்தையொட்டி வையுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஒரு லேன் கம்பியை இழுத்துவிட முடிந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

புதிய ரவுட்டர் வாங்கும் பலரும் ஒரு பொறியில் விழுகிறார்கள். இணைய நிறுவனம் தந்த பெட்டியும் ஒரு வைஃபையை வெளியிட்டுக்கொண்டிருக்கும், புதிய ரவுட்டரும் ஒன்றை வெளியிடும். செல்பேசி ஒன்றிலும் ஸ்பீக்கர் மற்றொன்றிலும் ஒட்டிக்கொண்டால், செல்பேசியிலிருந்து அனுப்பும் பாட்டுக்கு அந்த ஸ்பீக்கர் கண்ணிலேயே படாது. பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். புதிய ரவுட்டருக்கு பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் அப்படியே கொடுங்கள். கொடுத்தால் பல்பு, பிளக், ஸ்பீக்கர் எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும், மாற்றினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏணி மேல் போய்விடும்.

கேள்வி: மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் விளக்கு எரிகிறது, ஸ்பீக்கர் மட்டும் இணையம் இல்லை என்கிறது. நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும் படுக்கையறை விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்குகின்றன. இரண்டுக்கும் வழி உண்டா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

பதில்: இரண்டாவதை நானும் அனுபவித்திருக்கிறேன். ஒரு கோடை இரவில் இரண்டரை மணிக்கு மின்சாரம் வந்தபோது எங்கள் வீட்டின் ஏழு பல்புகளும் ஒரே நேரத்தில் எரிந்து, திருடன் என்று எண்ணி எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை போய்விட்டது. மின்சாரம் அறுந்து மீண்டும் வரும்போது, யாரோ சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் ஸ்மார்ட் பல்பு எடுத்துக்கொள்ளும், அதனால் எரியும். பல நிறுவனங்களின் செயலிகளில் ஒவ்வொரு பல்பின் அமைப்புகளுக்குள்ளும் ‘பவர்-ஆன் பிஹேவியர்’ என்றோ அதை ஒத்த பெயரிலோ ஒரு தெரிவு இருக்கும். அதில் ‘கடைசியாக இருந்த நிலை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அணைந்திருந்த விளக்கு அணைந்தே இருக்கும். இந்தத் தெரிவு இல்லாத பல்பைப் படுக்கையறைக்கு வாங்காதீர்கள்.

முதல் சிக்கலுக்குக் காரணம், ஸ்பீக்கர் இன்வெர்ட்டரில் இருந்தும் ரவுட்டரோ ஃபைபர் பெட்டியோ அதில் இல்லாமல் இருப்பது. சில வீடுகளில் இவை இரண்டும் தனித்தனிப் பெட்டிகள். ஒன்றை மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்துவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவதும் உண்டு. இரண்டும் இன்வெர்ட்டரில் இருந்தும், மின்சாரம் மாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து எரிந்தால், மீண்டும் இணையம் வர இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் முறைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் மாற்றம் விரைவாக நடக்கும். இல்லையெனில், 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே விற்கப்படும் மினி யுபிஎஸ் ஒன்று போதும். வாங்குமுன் உங்கள் ரவுட்டரின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: அலெக்சாவா, கூகுளா? என் தாயாருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவரும் பயன்படுத்தும்படி வீட்டை அமைக்க விரும்புகிறேன்.
— மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: உங்கள் கேள்வியின் பின்பாதியிலிருந்து தொடங்குகிறேன். அலெக்சா பேசும் எக்கோ ஸ்பீக்கர் 2017-இலும் கூகுளின் ஹோம் ஸ்பீக்கர் 2018-இலும் இந்தியாவுக்கு வந்தன. பிற்பாடு இந்தியும் பேசக் கற்றுக்கொண்டன. தமிழ்ப் பாட்டின் பெயரைச் சொன்னால் இரண்டும் ஓரளவு புரிந்துகொண்டு பாடும். ஆனால் ‘கூடத்து விளக்கை அணை’ என்று தமிழில் சொல்லி வேலை வாங்குவதை நம்பி ஒரு வீட்டை அமைக்காதீர்கள். ஆகவே உங்கள் தாயாருக்குத் தேவை எந்த ஸ்பீக்கர் என்பதல்ல, எந்தச் சுவிட்ச் என்பதே.

ஸ்மார்ட் பல்பு வேலை செய்ய வேண்டுமானால் சுவரிலுள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைப்பது நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம். உங்கள் தாயார் அணைத்துவிடுவார், அதன்பின் நீங்கள் ஸ்பீக்கரிடம் எவ்வளவு கத்தினாலும் பல்புக்கு உயிர் இருக்காது. பல்பை மாற்றுவதற்குப் பதிலாக, சுவிட்ச் போர்டுக்கு உள்ளே, இப்போதுள்ள சுவிட்சின் பின்னால் வைக்கும் சிறிய ஸ்மார்ட் ரிலே மாட்யூலை, அதாவது செயலி சொல்வதைக் கேட்டு மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் சிறு பெட்டியைப் பொருத்துங்கள். அப்போது கையால் சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு மாறும், குரலால் சொன்னாலும் மாறும், வைஃபை போனாலும் சுவிட்ச் வழக்கம்போல் வேலை செய்யும். இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவற்றுக்கு, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி வேண்டும். போர்டிலேயே பிளக் பாயிண்டும் இருந்தால் நியூட்ரல் அங்கே வந்திருக்கும் என்பதால் நம் ஊர் வீடுகளில் இது பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. தனிச் சுவிட்ச் மட்டும் உள்ள இடங்களில் எலெக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். மின்விசிறிக்கு விளக்கு மாட்யூலைப் பொருத்தாதீர்கள். வேகத்தையும் மாற்ற வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள ஃபேன் மாட்யூல் தேவை. ரிமோட்டோடு வரும், மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மின்விசிறியாக இருந்தால் அதுவும் ஒத்துவராது, அதன் ரிமோட்டைப் போலவே சமிக்ஞை அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர்தான் பெரும்பாலும் வழி.

இப்போது முன்பாதி. வீட்டில் ஃபயர் டிவி இருந்தால் அலெக்சா, ஆண்ட்ராய்டு அல்லது கூகுள் டிவி இருந்தால் கூகுள், அவ்வளவுதான். பல்பும் பிளக்கும் வாங்கும்போது பெட்டியில் ‘மேட்டர்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அமேசான், கூகுள், ஆப்பிள், சாம்சங் ஆகியவை ஒப்புக்கொண்டு 2022 அக்டோபரில் வெளியான பொதுத் தரம் அது. நாளை ஸ்பீக்கரை மாற்றினாலும் பல்பை மாற்ற வேண்டியிருக்காது.

கேள்வி: டிவியில் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் படத்தின் நடுவே தானாக அணைந்து எரிகிறது. ஒலிக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் இணைத்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகிறது.
— வாசகர், சேலம்

பதில்: ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பல டிவிகளில் அத்துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் கேட்பது ஓர் ஆம்பியர். பெட்டியோடு வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினால் இது பெரும்பாலும் நின்றுவிடும். ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதால் தாமதம் அதன் கூடப்பிறந்தது. பாட்டுக்குத் தெரியாது, படத்துக்குத் தெரியும். ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரு சவுண்ட்பாரை, டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையில் கம்பியால் இணையுங்கள். கூடவே டிவியின் அமைப்புகளில், எச்டிஎம்ஐ கம்பி வழியே ஒரு கருவி மற்றொன்றை இயக்க உதவும் சிஇசி வசதியை இயக்கிவிடுங்கள். சாம்சங்கில் அதற்கு எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜியில் சிம்ப்ளிங்க் என்றும், சோனியில் பிராவியா சிங்க் என்றும் பெயர். ஸ்ட்ரீமிங் ஸ்டிக் விழித்ததும் டிவியும் சவுண்ட்பாரும் சேர்ந்து விழிப்பது இதனால்தான், ஸ்பீக்கரிடம் சொல்லி டிவியை அணைப்பதும் பெரும்பாலும் இதன் வழியேதான்.

கேள்வி: ஸ்பீக்கர் நாம் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்கிறதா?
— இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: தன்னை விழிக்கச் செய்யும் சொல்லுக்காக அது எப்போதும் காதைத் தீட்டியே வைத்திருக்கும், அந்தச் சொல் கேட்ட பின்புதான் உங்கள் பேச்சை நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும். டிவியில் யாரோ சொன்ன வேறொரு சொல்லை அதுவென்று பிழையாக எண்ணி அனுப்புவதும் நடக்கும். பணம், மருத்துவம் போன்றவற்றைப் பேசும் நேரத்தில் மைக்கை அணைக்கும் பொத்தானை அழுத்திவிடுங்கள். எக்கோவில் சிவப்பு விளக்கு எரியும். செயலிக்குள் சென்றால் பதிவான குரல்களைக் கேட்கவும் அழிக்கவும் முடியும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள், தெளிவு பிறக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் குரலால் பொருள் வாங்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் மோட்டாரை ஸ்மார்ட் பிளக்கில் இணைத்து ஸ்பீக்கரிடம் சொல்லிப் போட நினைக்கிறேன். 16 ஆம்பியர் பிளக் தாங்குமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிளக்கில் எழுதியிருக்கும் 16 ஆம்பியர், கீசர் போன்ற சூடேற்றும் கருவிகளை மனத்தில் வைத்து எழுதியது. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர்தான் எடுக்கும், தொடங்கும்போதும் அதே அளவுதான். மோட்டார் அப்படியல்ல, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கைக் கிளம்பும் கணத்தில் இழுக்கும். அந்த இழுப்பில் பிளக்குக்குள் இருக்கும் சிறு ரிலேயின் முனைகள் பொறி பறந்து, நாளடைவில் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் செயலி ‘அணைந்தது’ என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், தொட்டி வழிந்து மாடிப்படியில் இறங்கிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால் மோட்டாரே போய்விடும்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாராக இருந்து, பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் உள்ள பேனல் இருந்தால், பிளக்கில் மின்சாரம் கொடுப்பதால் மட்டும் அது கிளம்பவும் செய்யாது. ஸ்மார்ட் ரிலே, பெரிய சுமையைத் தாங்கும் மின்சுவிட்சான ஒரு கான்டாக்டரை மட்டும் இயக்கட்டும், மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்கட்டும். அதோடு தண்ணீர் இல்லாதபோது நிறுத்தும் பாதுகாப்பும், மேல்தொட்டியில் மட்டம் பார்க்கும் சென்சாரும் கட்டாயம் வேண்டும். இதை மோட்டார் வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். சென்சார் பொருத்தியாகிவிட்டால் தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானே நின்றுவிடும். பிறகு ஸ்பீக்கரிடம் சொல்லவேண்டிய வேலையே இருக்காது.