ஆவாரை பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

பொங்கலுக்குக் காப்புக் கட்டி முடித்த நாளிலிருந்து ஆவாரையைப் பற்றியே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் நாற்றங்கால் வைத்திருக்கிறேன். இந்தச் செடியோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதாமல் இங்கேயே சேர்த்துச் சொல்கிறேன்.

பெரியபட்டினம் தம்பி ஒருவர்: அண்ணே, ரோட்டோரம் மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரைதானா?

இல்லை தம்பி. தகரை இருக்கிறது, பேயாவாரை இருக்கிறது. பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், இலைக்காம்பைப் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சின்னக் காது மடல் மாதிரி வட்டமாக ஒரு இலைச்செதில் தண்டை அணைத்துக்கொண்டு நிற்கும். மற்ற இரண்டிலும் இவ்வளவு பெரிதாக அது இருக்காது. அடுத்து, காம்பின் மேல்பக்கம் ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவில் குண்டூசி முனை போல ஒரு சுரப்பி நீட்டிக்கொண்டிருக்கும். பேயாவாரையில் காம்பின் அடியில் ஒன்றுதான் இருக்கும். இந்த இரண்டையும் ஒருதரம் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு வாழ்நாளுக்கும் மறக்காது.

மற்றபடி இடுப்பளவிலிருந்து ஆள் உயரம் வரை வளரும் புதர் இது. பட்டை செம்பழுப்பு. காய் கடுதாசி மாதிரி தட்டையாக இருக்கும். சித்திரை வெயிலிலும் பச்சை மாறாது. பூ வருஷத்தில் பல மாதம் இருந்தாலும், ஐப்பசி கார்த்திகை மழை குடித்த பிறகுதான் செடியே தெரியாமல் பூக்கும்.

சாயல்குடியிலிருந்து ஒரு அக்கா: கடையில் ஆவாரை இலைப்பொடி என்று வாங்கிக் குடித்தேன். வயிறு கலங்கிவிட்டது. ஆவாரை பேதியாக்குமா?

அக்கா, நீங்கள் குடித்தது நிலாவாரையாக இருக்கத்தான் வாய்ப்பு. உங்கள் பக்கத்திலேயே மானாவாரியில் போடுகிறார்களே, அதுதான். அதன் இலையும் காயும் பேதி மருந்துக்காக வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகின்றன. இரண்டும் ஒரே குடும்பம், பெயரும் ஒட்டி வருகிறது. பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. பொடி வாங்காதீர்கள். பூவாக வாங்கி நிழலில் காயவைத்து நீங்களே இடித்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை ராத்தா ஒருவர்: "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்கிறார்களே, வாப்பாவுக்குச் சர்க்கரை 280 இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ டீ கொடுக்கலாமா?

மாத்திரையை நிறுத்தவே கூடாது ராத்தா. இந்த ஒரு பதிலையாவது எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள். அந்தப் பழமொழி செடியின் பெருமையைச் சொல்கிறது, மருந்துச் சீட்டு எழுதித் தரவில்லை. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று ஒன்று உண்டு. அதில்கூட ஆவாரை தனியாக இல்லை. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை எல்லாம் கூட நிற்கின்றன. அளவு தெரிந்த சித்த மருத்துவர் ஆளைப் பார்த்துக் கொடுப்பது அது.

ஆவாரை ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உள்ளது என்பதை விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் பயமும் இருக்கிறது. மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். வேறு மருந்துகளோடும் கவனம் வேண்டும்: வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மருந்தோடு எலிகளுக்கு ஆவாரைத் தேநீர் கொடுத்துப் பார்த்ததில், ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியது. வாப்பாவின் டாக்டரிடம் டீயைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தொடவே வேண்டாம். உடம்புக்குத் தேய்த்துக் குளிக்க, காய்ந்த பூவைப் பாசிப்பயறோடு அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் அண்ணன் ஒருவர்: கடலுக்கு நூறடியில் வீடு. மூன்று தரம் ஆவாரை வைத்தேன், மூன்றும் கருகிப் போச்சு. மண்ணில் என்ன குறை?

மண்ணில் குறை இல்லை அண்ணே, இடம்தான் அதற்கு ஆகாது. ஆவாரை வறட்சியைத் தாங்கும், சரளையிலும் செம்மண்ணிலும் மணற்பாங்கான பொட்டலிலும் நிற்கும். ஆனால் நாள் முழுக்க உப்புக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்காது. நம் கரையில் அலைவாய் தாண்டி, மணல்மேடு தாண்டி, பனையும் உடைமரமும் நிற்கிற மேட்டில்தான் ஆவாரை தொடங்கும்.

உங்கள் இடத்துக்குப் பீச்சங்கு வையுங்கள். சங்கங்குப்பி என்றும் சொல்வார்கள். அதுவும் என்றும் பசுமையான புதர்தான். தடித்த பளபளப்பான இலை எதிரெதிராக இருக்கும், கசக்கினால் நாறும். வெள்ளைக் குழல் பூவிலிருந்து செவ்வூதா மகரந்தத் தாள்கள் வெளியே நீண்டு வளையும். சாயங்காலம் பார்த்தால் அவ்வளவு அழகு. ஒரு முழக் குச்சியை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். இரண்டு வருஷத்தில் வேலியாகிவிடும், மணலையும் பிடித்து நிறுத்தும். முட்சங்கு என்று வேறொரு செடி இருக்கிறது, கணுவுக்குக் கணு முள்ளோடு நிற்கும். பெயரை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

திருப்புல்லாணி தம்பி: எங்கள் தாத்தா காலத்தில் வண்டி வண்டியாக ஆவாரம்பட்டை போனதாமே, எதற்கு?

தோல் பதனிட. பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். குச்சியை வெட்டித் தட்டி, உரித்துக் காயவைத்து அனுப்புவார்கள். சென்னை மாகாணத்திலிருந்து சீமைக்குப் போன தோல் பெரும்பாலும் இந்தப் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறியதுதான். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்கிற வேலமரத்தின் பட்டை இறங்கியது, ரசாயனம் வந்தது, நம் பட்டைக்குக் கேள்வி இல்லாமல் போயிற்று. இந்தச் செடியின் இலையை வயலுக்குத் தழையுரமாக மிதித்ததையும், வெயிலில் நடப்பவர்கள் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டதையும் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். குச்சியில் பல் துலக்கியதையும் சொல்வார்.

மண்டபம் டீச்சர் ஒருவர்: ஆவாரம்பூவில் தேன் உண்டா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தேன் கிடையாது டீச்சர், மகரந்தம்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாகத்தான் வரும். காலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் செடியருகில் சத்தமில்லாமல் நிற்கச் சொல்லுங்கள். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சட்டென்று 'ஊங்ங்' என்று ஒரு சத்தம் போடும். அந்த அதிர்வில் மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும் இந்த இலையில் முட்டை வைக்கும். பச்சைப் புழுவைப் பார்த்தால் மருந்தடிக்க வேண்டாம்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு அம்மா: இந்த வருஷம் காப்புக் கட்ட ஒரு கொத்து ஆவாரம்பூ காசு கொடுத்து வாங்கினேன். முன்னெல்லாம் கொல்லைப்புறத்தில் பறிப்போம். எங்கே போச்சு எல்லாம்?

அம்மா, ஆவாரைக்கு வெயில் வேண்டும். சீமைக்கருவேலம் கூடாரம் போட்டுக்கொண்ட இடத்தில் அது எழ முடியாது. இதோடு நம் கையும் சேர்ந்துகொண்டது. போகிக்கு முதல் நாள் விற்பனைக்காகச் செடியை அடியோடு அறுத்து மூட்டை கட்டுவதை எங்கள் ஊர்ப் பக்கமே பார்க்கிறேன். பூத்த கொப்பை மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். அறுத்துவிட்டால் அந்த வருஷக் காயும் போச்சு, விதையும் போச்சு.

நீங்கள் ஒன்று செய்யலாம். மாசி பங்குனியில் காய் பழுப்பேறிக் காய்ந்ததும் பறித்து விதை எடுத்து வையுங்கள். தோல் கெட்டி என்பதால் அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையை அதில் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உப்பியதை மட்டும் எடுத்துப் புரட்டாசிக் கடைசியில், வெயில் படுகிற இடத்தில் நேராக விதையுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் போதும். விதை இல்லாவிட்டால் நாற்றங்காலுக்கு வாருங்கள், ஒரு கைப்பிடி தருகிறேன். காசு வேண்டாம்.