ஷீலா என்ற பெயரோடு அடிலெய்டு போகலாமா?

அடிலெய்டுக்குப் படிக்கப் போகிறேன், 'ஷீலா' அங்கே கேலிச் சொல்லாமே என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான், ஆனால் பெயரை மாற்றும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியக் கொச்சையில் ஷீலா என்றால் பெண், அவ்வளவுதான். கொஞ்சம் மட்டமான தொனி உண்டு. இப்போது பெரும்பாலும் பழைய ஆட்கள் வாயில்தான் வரும். அது அயர்லாந்துப் பெயரிலிருந்து வந்தது. நம் ஷீலாவோ 'சீலம்', அதாவது நல்லொழுக்கம். யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த ஊருக்கே பெண் பெயர்தானே! 1836-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகராக அமைத்தபோது, பிரிட்டிஷ் மன்னர் நான்காம் வில்லியமின் மனைவி அடிலெய்டின் பெயரை வைத்தார்கள். பிரிட்டன் தன் கைதிகளை அனுப்பாத குடியேற்றம் அது. கர்னல் வில்லியம் லைட் வகுத்த நேர்நேரான தெருக்கள், சுற்றிலும் பூங்கா. நகர மையத்தில் வழி தவறுவது கஷ்டம்.