தினு லிபாட்டியின் புகழ் இரக்கத்தால் வந்ததா?

முப்பத்து மூன்று வயதில் இறந்து, சில மணி நேர ஒலிப்பதிவை மட்டுமே விட்டுச்சென்ற ருமேனியப் பியானோ கலைஞர் தினு லிபாட்டியை இன்றும் கொண்டாடுவதற்கு, இளமையிலேயே போய்விட்டாரே என்ற இரக்கம்தானே காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவரைப் பற்றிய கட்டுரை எதையோ படித்து, அதில் வாசிப்பைவிட நோயே அதிகம் பேசப்படுவதைக் கண்டு சலித்துப்போய்க் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தச் சலிப்பு எனக்கும் உண்டு. ஆனால் இரக்கம்தான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. புதுச்சேரியில் பியானோ கற்பித்துப் பிழைப்பவன் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது. நம் ஊர் வித்துவான்களை விட்டுவிட்டு வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கீழே ஒருவராவது எழுதுவார். எழுதிக்கொள்ளட்டும், இங்கே கேட்கப்பட்டது லிபாட்டியைப் பற்றி.

அவர்மீது இரக்கப்பட எவருக்கும் எந்தக் காரணமும் இல்லாத காலத்திலேயே அவருக்காக ஒரு சண்டை நடந்தது. 1933இல் வியன்னாவில் நடந்த சர்வதேசப் போட்டியில், பதினாறு வயதுப் பையனான லிபாட்டிக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. அந்தத் தீர்ப்பை ஏற்காமல், நடுவர் குழுவிலிருந்த பிரெஞ்சுப் பியானோ மேதை ஆல்ஃபிரட் கார்த்தோ விலகிக்கொண்டதோடு, பையனைப் பாரிஸுக்கு வரவழைத்துத் தாமே பாடம் சொன்னார். நாதியா பூலாஞ்சேயும் பால் துக்காவும் அங்கே அவருக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். அவருடைய ஞானத்தந்தையோ ருமேனியாவின் மாபெரும் இசைமேதை ஜார்ஜ் எனெஸ்கு. இவர்கள் எல்லோரும் வியந்தது ஒரு சிறுவனின் கையைத்தான்.

ஒலிப்பதிவு குறைவாக இருப்பதற்கும் நோய் மட்டுமே காரணமன்று. போர்க்காலம் ஒரு காரணம், அவருடைய சுபாவம் இன்னொரு காரணம். சைகாவ்ஸ்கியின் கான்செர்ட்டோவை (வாத்தியக் குழுவோடு சேர்ந்து பியானோ முதன்மையாக வாசிக்கும் நீண்ட உருப்படி) தயார்செய்ய மூன்று ஆண்டுகளும், பீத்தோவனின் ‘எம்பரர்’ கான்செர்ட்டோவுக்கு நான்கு ஆண்டுகளும் வேண்டும் என்று அவர் கேட்டதாக, அவருடைய இசைத்தட்டுகளைத் தயாரித்த வால்டர் லெக் எழுதியிருக்கிறார். உங்கள் கேள்வியில் ‘சில மணி நேரம் மட்டுமே’ என்ற இடம் எனக்குச் சுருக்கென்று தைத்தது இதனால்தான். என்னிடம் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, வருடத்துக்கு எத்தனை கிரேடு முடிப்பான் என்பதே. மூன்று உருப்படிகளை மட்டும் மனப்பாடம் செய்து, தேர்வுக்கூடத்தில் ஒப்பித்துவிட்டு, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியபின் கீபோர்டைப் பரணில் ஏற்றிவிடும் வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. சரி, அந்த வயிற்றெரிச்சலை இங்கே கொட்ட வேண்டாம்.

உங்கள் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதை மறைப்பது நியாயமாகாது. நாங்கள் குருசுக்குப்பத்தில் குடியிருந்தபோது, பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய ஒருவர் அடுத்த வீட்டில் இருந்தார். தெருவுக்கே அவர் சொல்தா மாமா; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். 1970களில் அவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டுகளில் ஷோப்பனின் இ மைனர் கான்செர்ட்டோவும் இருந்தது. உறையில் லிபாட்டியின் பெயர். இரண்டாம் பகுதியில் வயலின்கள் அடங்கிய குரலில் ஆரம்பித்து, பியானோ நுழையும் இடம் நெருங்கியதும், பேசிக்கொண்டிருப்பவர்களை விரலை உயர்த்தி நிறுத்திவிட்டு, “இதோ வர்றான் பாரு” என்பார். நான் பியானோவுக்கு வந்ததே அந்தத் தட்டினால்தான்.

வந்தது அவன் அல்லன். 1981இல் பிபிசி வானொலி அந்தப் பதிவை ஒலிபரப்பியபோது, போலந்து நாட்டுக் கலைஞர் ஹலீனா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா வாசித்து 1950களில் வெளியான பதிவும் இதுவும் ஒன்றாக இருப்பதை நேயர் ஒருவர் கண்டுபிடித்து எழுத, உண்மை வெளியே வந்தது. பல ஆண்டுகளாக விமர்சகர்களும் ரசிகர்களும் லிபாட்டி என்று நினைத்து உருகியது அந்தப் பெண்மணியின் வாசிப்புக்கு. செய்தி எங்கள் தெருவுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. நான் சொன்னதும் சொல்தா மாமா வெகுநேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பால்பாயின்ட் பேனாவை எடுத்து லிபாட்டியின் பெயரை அடித்து, அதன் கீழே அந்தப் பெண்மணியின் பெயரை என்னிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார்.

ஆகவே பெயரைப் பார்த்து உருகுவது நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெயரின் மறைவில் சாதாரண வாசிப்பு ஒன்று விலைபோய்விட்டது என்று யாராவது வாதிட்டால், அது தவறு. செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா 1949இல் வார்சாவில் நடந்த ஷோப்பன் போட்டியில் பெல்லா டாவிடோவிச்சுடன் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அநியாயம் நடந்தது அவருக்குத்தான். அதில் லிபாட்டியின் பங்கு எதுவும் இல்லை. அவர் இறந்து வெகுகாலத்துக்குப் பிறகு மற்றவர்கள் செய்த குளறுபடி அது.

லிபாட்டியை அவர் உண்மையில் வாசித்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அவருக்கு இருந்தது ஹாட்ஜ்கின் நோய் எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். அன்று புதிதாக வந்திருந்த கார்ட்டிசோன் மருந்து கொஞ்சம் தெம்பு கொடுத்த 1950 ஜூலையில், ஜெனீவாவில் ஷோப்பனின் வால்ட்ஸ் எனும் நடன மெட்டுகள் பதினான்கையும், பாக்கின் முதல் பார்ட்டிட்டாவையும் (நடன வகை உருப்படிகளின் தொகுப்பு), மொத்சார்ட்டின் ஏ மைனர் சொனாட்டாவையும் பதிவு செய்தார். செப்டம்பர் 16ஆம் தேதி, பிரான்சின் பெசான்சோன் நகரில் கடைசிக் கச்சேரி. அந்த ஒலிப்பதிவில், பாக்கைத் தொடங்குமுன் அதே சுருதியில் கட்டைகளின் மேல் ஒருமுறை விரல்களை ஓடவிடுகிறார். கச்சேரிக்கு உட்கார்ந்த பாடகர் தம்புராவோடு குரலைச் சேர்த்துப் பார்ப்பதைப் போல இருக்கும். பார்ட்டிட்டாவின் கடைசிப் பகுதியில் இடது கை வலது கையைத் தாண்டித் தாண்டிப் போய்வர வேண்டும். ஐப்பசி மழையில் ஈரமேறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும் என் பழைய பியானோவில் அதைக் கற்பித்துக் கற்பித்துச் சொல்கிறேன், உடம்பில் வலுவுள்ளவர்களுக்கே அங்கே தாளம் நொண்டும். அவரிடம் நொண்டவில்லை. காலம் இழுபடவில்லை, எந்தச் சுரமும் ‘என்னைப் பார்’ என்று கெஞ்சவில்லை. வால்ட்ஸ்களில் பதின்மூன்றை வாசித்தபின் உடம்பு ஒத்துழைக்கவில்லை, பதினான்காவதை விட்டுவிட்டார். டிசம்பர் 2ஆம் தேதி ஜெனீவாவில் இறந்தார்.

இந்தக் கதை எதையும் சொல்லாமல், பெசான்சோனின் பாக்கை மட்டும் என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவது வழக்கம். வாசிப்பவர் நோயாளி என்று அவர்களில் எவரும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். ஷோப்பன் கான்செர்ட்டோவை லிபாட்டியின் கையில்தான் கேட்க வேண்டும் என்றால், 1950 பிப்ரவரியில் அவர் சூரிக்கில் வாசித்த அசல் பதிவு வெளிவந்திருக்கிறது, ஒலித்தரம் சுமார்தான். நான் இரக்கத்தால் பேசுகிறேன் என்று இன்னும் நினைப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதிக்கு மட்டும் நான் இன்றும் போடுவது செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவைத்தான்.