சேகரிக்கிற நாணயங்களை இலவசமாகக் கொடுக்கிறவங்களுக்கு: கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காசுப் பொட்டலம் இலவசமாக் கொடுக்கப் போறேன் அண்ணே. என்னென்ன போடலாம்?

அலுமினியக் காசுல ஆரம்பிங்க. சதுரமா 1, 5 பைசா. ஓரம் பூ மாதிரி வளைஞ்ச 2, 10 பைசா. அறுகோணத்துல 3, 20 பைசா. விலையும் கம்மி, கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும். கூடவே நாலு ஒரு ரூபாய்க் காசு, அக்கசாலைக்கு (காசு அச்சடிக்கிற இடம்) ஒண்ணு. ஆண்டுக்குக் கீழே வைரம்னா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், வட்டப் புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லேன்னா கொல்கத்தா. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைங்க, சீட்டு இல்லேன்னா அது வெறும் சில்லறை. கடைசியா 2009ல வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய். அவர் தமிழ்க் கையெழுத்து அதுல இருக்கு.

மேலூரிலிருந்து: செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்ச்சுக் கொடுக்கலாமா?

குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு வேண்டவே வேண்டாம். பழுப்புப் படலத்தைப் புளியின் அமிலம் அரிச்சதும் காசு வெளிறின இளஞ்சிவப்பாயிரும், விலையும் போச்சு. வெள்ளிக்கு விபூதியும் அப்படித்தான், மயிரிழைக் கீறல் விழும். மண் ஒட்டியிருந்தா காய்ச்சி வடிச்ச தண்ணியில் ஊறவெச்சு, துணியால ஒற்றி எடுங்க.

வாடிப்பட்டியிலிருந்து: காசு ஒண்ணு, கேட்கிறவங்க 40 பேர். சென்செக்ஸ், அதாவது மும்பைப் பங்குச் சந்தைக் குறியீட்டு எண், அன்னிக்கு முடியறப்போ புள்ளிக்குப் பின்னால வர்ற ரெண்டு இலக்கத்தை வெச்சு ஆளைத் தேர்ந்தெடுக்கலாமா சார்?

நல்ல யோசனை, உங்க கை அதுல படாது. ஆனா ஒரு ஓட்டை இருக்கு. பேர்களுக்கு 0 முதல் 39 வரை எண் போட்டு, வந்த இலக்கத்தை 40ஆல் வகுத்து மீதியைப் பார்ப்பீங்க. 00 முதல் 99 வரை நூறு எண். முதல் 20 பேருக்கு மூணு வாய்ப்பு, மத்தவங்களுக்கு ரெண்டுதான். அதனால 80க்கு மேல், 80 உட்பட, வந்தா செல்லாது, அடுத்த வர்த்தக நாள் முடிவை எடுப்போம்னு முன்கூட்டியே அறிவிச்சிருங்க. பட்டியலைச் சந்தை திறக்கிறதுக்கு முன்னாடியே மூடிரணும். பேர் கொடுக்கப் பத்து ரூபாய்கூட வாங்காதீங்க. அது லாட்டரி ஆயிரும், தமிழ்நாட்டுல 2003லேயே அதுக்குத் தடை.

சோழவந்தானிலிருந்து: வைகை மணல்ல கிடைச்ச மீன் சின்னக் காசை மலேசிய நண்பருக்குப் பரிசா அனுப்பலாமா?

கூடாது. நூறு வருஷம் தாண்டின காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதுக்கும் முன்னாடி, மண்ணுக்குள்ள கிடைச்ச புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும்னு 1878ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு.

உசிலம்பட்டியிலிருந்து: தபால்ல அனுப்பினா உறை கிழிஞ்சு காசு விழுந்துருது.

உள்ளே காசு உருண்டா உறை கிழியத்தான் செய்யும். ஒவ்வொரு காசையும் அட்டைச் சட்டத்துல (காசு தெரியற மாதிரி நடுவுல ஜன்னல் வெச்ச மடிப்பு அட்டை) வெச்சு ஸ்டேப்பிள் அடிங்க, பின்னை இடுக்கியால தட்டையா நசுக்குங்க. இல்லேன்னா பக்கத்துக் காசைக் கீறிரும். சட்டங்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம வரிசையாப் பரப்பி, ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வெச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டுங்க. ரப்பர் பேண்ட் மட்டும் போட்டுராதீங்க, அதுல இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வெச்சிரும். மெத்துன்னு வளையற பிவிசி பிளாஸ்டிக் உறையும் ஆகாது, நாளாக ஆகப் பச்சைப் பிசுக்கு கட்டும்.

பேரையூரிலிருந்து: நம்மகிட்ட இலவசமா வாங்கினதை ஒருத்தர் வித்துட்டார். தப்பில்லையா?

கொடுத்த பிறகு அது அவர் காசு. பிள்ளைகளுக்குன்னு சொல்லி வாங்கி வித்திருந்தா, அடுத்த குலுக்கல்ல அவர் பேரைச் சேர்க்காதீங்க, அவ்வளவுதான்.