பதினொன்றில் நான்கு

வணக்கம்.

வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். வேலை நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. முந்தைய இரவே மறுநாளுக்கான பட்டியலைப் போட்டுவிடுவேன். நேற்றையதை இணைத்திருக்கிறேன்: 11 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். ஒரு நாளும் நான்கைத் தாண்டியதில்லை. மிச்சம் மறுநாளுக்குப் போகிறது, அங்கிருந்து அதற்கும் மறுநாளுக்கு. மூன்று செயலிகளை மாற்றிப் பார்த்தாயிற்று. 25 நிமிடத்துக்கு மணி வைத்தும் பார்த்தேன். இரவு 11 மணிக்குப் படுக்கிறேன்; 4 மணிக்கே எழுந்தால் சரியாகுமா? எந்தச் செயலி நல்லது? அடிப்படையில் நான் சோம்பேறிதானோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ச.

அன்புள்ள ச.,

செயலியைப் பற்றி இரண்டு வரி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உங்கள் பட்டியலைப் பார்த்த பிறகு அப்படி விட மனம் வரவில்லை. கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்த கணக்கு அதில் அப்படியே இருக்கிறது.

முதலில், உங்களை நீங்களே சோம்பேறி என்று சொல்லிக்கொள்வதை நிறுத்துங்கள். தினமும் நான்கு வேலைகளை முழுதாக முடித்துக் கொடுக்கிறவருக்கு அந்தப் பேர் பொருந்தாது. ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபம். 11 வேலைகளுக்கும் எதிரே நேரம் எழுதினீர்களே, அதைக் கூட்டிப் பார்த்தீர்களா? நான் கூட்டினேன். 585 நிமிடம் வருகிறது. 9 முதல் 5 வரை 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 45 போனால் 435. அதாவது முந்தைய இரவு பேனாவை மூடும்போதே 150 நிமிடம் துண்டு விழுந்துவிட்டது. ஒரு நிமிடக் கூட்டலைச் செய்யாமல் மாதக்கணக்கில் உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

4 மணிக்கு எழுவதா? 11-க்குப் படுத்து 4-க்கு எழுந்தால் தூக்கம் 5 மணி நேரம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 வேண்டும். உங்களுடையது கண்ணையும் கவனத்தையும் கேட்கிற வேலை. தூங்காத கண் பிழையைத் தாண்டிப் போய்விடும், அதே பக்கத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். வேண்டாம், அந்தப் பேச்சே வேண்டாம்.

25 நிமிட மணி, 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய முறை. தொடங்கவே தயங்குகிற வேலைக்கு அது நல்லது. மொழிபெயர்ப்பில் ஒரு பத்தியின் நடை பிடிபடவே கால் மணி நேரம் ஆகிவிடும், உடனே மணி அடித்தால் எரிச்சல்தான் வரும். 50 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு 10 நிமிடம் எழுந்து நடங்கள். எழுவதற்கு முன் அடுத்த அடி என்ன என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ‘மூன்றாம் அத்தியாயம் தொடர’ என்று எழுதினால் உதவாது. ‘மூன்றாம் அத்தியாயம், 4ஆம் பத்தி, அந்தச் சட்டச் சொல்லுக்கு அகராதி பார்’ என்று இருந்தால் திரும்பி வந்த உடனே கை ஓடும்.

இனி முக்கியமானது. 150 நிமிடத் துண்டுகூடப் பெரிதில்லை. அந்த 585 என்ற எண்ணே தப்பு. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீங்கள் எழுதியது கணிப்பு, அளந்து பார்த்ததல்ல. கணிப்பு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு உளவியலாளர் ரோஜர் பியூலரும் உடன் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று போதும். பட்ட ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே எவ்வளவு மோசமாக நடக்க முடியுமோ அவ்வளவு மோசமாக நடந்தால் என்று கேட்டபோதும் 49 நாளை ஒட்டித்தான் சொல்லியிருந்தார்கள். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979லேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். நாம் வேலையின் போக்கை மனத்தில் ஓட்டிப் பார்த்து நேரம் சொல்கிறோம். போன தடவை உண்மையில் எவ்வளவு ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. மனத்தில் ஓடும்போது கோப்பு தொலைவதில்லை, தொலைபேசி அடிப்பதில்லை.

ஆகவே ஐந்து வேலை நாட்கள் அளந்து பாருங்கள். ஒரு நோட்டுத் தாள் போதும். வேலையைத் தொடுவதற்கு முன் கணிப்பை எழுதுங்கள். பிறகு தொடங்கிய மணி, முடித்த மணி. 10:07 என்றால் 10:07 என்றே, 10 என்று முழுதாக்காதீர்கள். நடுவே யாராவது அழைத்தாலோ நீங்களாகவே கைபேசியை எடுத்தாலோ ஓரத்தில் ஒரு கோடு. கோப்பைத் தேடுவது, திறப்பது, முடித்ததை அனுப்புவது, வந்த திருத்தத்தைச் சேர்ப்பது எல்லாம் அந்த வேலையின் நேரத்திலேயே அடங்கும். பெரும்பாலும் கணிப்பு இடறுவது இங்கேதான். முடித்த மணியைக் குறிக்க மறந்தால் கேள்விக்குறி போட்டு அந்த வரியைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். ‘நூல் மொழிபெயர்ப்பு’ என்பது அளக்க முடியாத வேலை, அதை 90 நிமிடத்துக்கு மேற்படாத துண்டுகளாக உடைத்து எழுதுங்கள். அளக்கிறோம் என்ற நினைப்பிலேயே முதல் நாள் கை வேகமாகப் போகும். அந்த நாளைச் சேர்க்காதீர்கள்.

பிறகு வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை அதன் கணிப்பால் வகுங்கள். மெய்ப்புக்கு 1.2, 1.5, 1.6, 1.9, 3.4 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி போடாதீர்கள், ஒரு கெட்ட நாளின் 3.4 அதை 1.92க்கு இழுத்துவிடும். வரிசையில் நடுவில் நிற்கும் 1.6தான் உங்கள் விகிதம். பிறருக்குக் கெடு சொல்லும்போது மட்டும் அதற்கு அடுத்த 1.9ஐ எடுங்கள்.

உங்கள் 435 நிமிடத்தில் அஞ்சல், அழைப்புகளுக்கு மதியம் 25, மாலை 20 போகட்டும். மதியத்துக்கு முன் 45, கடைசியில் 45 எந்த வேலைக்கும் ஒதுக்காமல் வெற்றிடமாக விடுங்கள், தாமதத்தைத் தாங்க. மீதி 300. அதை 1.6ஆல் வகுத்தால் 187 நிமிடம். உங்கள் கணிப்பு மொழியில் ஒரு நாள் என்பது அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் ஒரு வேலைக்குச் சராசரி 53 நிமிடம். 187ஐ 53ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்றரை வருகிறது. நீங்கள் நான்கு முடிக்கிறீர்கள், ச.!

தாராளமாக நேரம் விட்டால் வேலையும் நீளாதா என்று கேட்பீர்கள். கொடுத்த நேரத்தை நிரப்பும்வரை வேலை விரியும் என்று 1955லேயே பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்கின்சன் எழுதிவிட்டார். உண்மைதான். அதனால்தான் உபரியை வேலைக்கு வேலை பிரித்துக் கொடுக்காமல் தனியே இரண்டு துண்டுகளாக வைக்கச் சொல்கிறேன். தாமதம் எல்லா வேலையிலும் ஒரே நாளில் வராது; பொதுவில் கிடக்கும் 45 நிமிடம் எதில் வந்தாலும் தாங்கும். ஒன்றிலும் வராவிட்டால் ஐந்தாவது வேலையைத் தொடுங்கள்.

செயலி எதுவானாலும் சரி, எதிரே எழுதிய நேரத்தை அதுவே கூட்டிக் காட்ட வேண்டும். அது இல்லையென்றால் தாளே மேல்.

மிஞ்சும் ஏழில் யாருக்காவது வாக்குக் கொடுத்தவை எவை என்று இன்றே பிரியுங்கள். அவர்களுக்குப் புதுத் தேதியை இன்று மாலைக்குள் எழுதிவிடுங்கள். காரணம் விளக்க வேண்டாம், தேதி மட்டும் போதும். முன்கூட்டிச் சொன்னால் அவர்களும் தங்கள் வேலையை நகர்த்திக்கொள்ள முடியும். கெடு நாளன்று காலையில் சொன்னால் முடியாது.